புள்ளிவிவரம்

பதினேழாவது கேள்வி:
உங்கள் அன்றாட வாழ்வில் மதத்தின் பங்கு எவ்வளவு?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.

புதுவயல் அரிசி ஆலையில்
சாக்குத் தைக்கும் சவரியம்மாள்
கோணூசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு கேட்டாள்,
"அஞ்சுங்கிறது கூடுதலா, கொறச்சலா?"
கூடுதல் என்றேன்.
"தவக்காலத்துல கறி தொட மாட்டேன்.
செவ்வாக்கிழம காளிக்கு எலுமிச்சம்பழ வெளக்கும் போடுறேன்.
ஃபாதர் காதுக்குப் போகாதுன்னா நாலு.
போகும்னா அஞ்சு."

தேவகோட்டையில் பிளெக்ஸ் அடிக்கும் நசுருதீன்
எண் சொல்லவில்லை, விலை சொன்னான்.
தலைவருக்குப் பின்னால் சாமி நின்றால்
ஒளிவட்டம் ஒன்று போதும்.
சாமிக்குப் பக்கத்தில் தலைவர் நின்றால் இரண்டு.
"யாரு ஒசரம்னு மொதல்ல எழுதி வாங்கிக்குவேன் மேடம்,
அதுக்கப்புறந்தான் அட்வான்ஸு."

தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம்.
புரவி எடுப்பு எந்தத் தெரு வழியாக?
வழக்கம் பேசினார்கள், சர்வே எண் பேசினார்கள்,
எப்போதோ போட்ட உடன்படிக்கையின்
மங்கிய நகலை நீட்டி நீட்டிப் பேசினார்கள்.
தேநீர் எந்த வரிசையிலிருந்து தொடங்கியது என்பதை
இரு தரப்பும் மனதில் குறித்துக்கொண்டது.
இரண்டரை மணி நேரத்தில்
கடவுளின் பெயர் ஒரே ஒரு முறை வந்தது:
மின்விசிறி நின்றபோது யாரோ,
"அட கருப்பா!"

வெளியே, ஜெராக்ஸ் கடை ஓரத்தில்,
உள்ளே அழைக்கப்படாத பஞ்சவர்ணம்:
"குதிரை செய்ய மண்ணு எங்க கண்மாயிலதான் அள்ளுறாக.
மண்ணா இருக்கிற வரைக்கும் எங்க தெரு வழியாத்தான் போகுது.
குதிரையான பெறகுதான்
அதுக்கு எங்க தெரு ஆகாது."
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.
ஓரமும் போதவில்லை.

கடைசியாக, நகரக் கோயில் ஒன்றின் கணக்கர் ஏகப்பன்.
மணமுடித்த கணவனும் மனைவியும் சேர்ந்து
ஒரு புள்ளி.
புள்ளிக்கு இவ்வளவு வரி.
"எல்லாம் எக்செல்ல ஏத்தியாச்சு.
உங்களுக்கு எந்தக் கோயில், எந்த ஊரு?"
கேள்வி கேட்பவள் நான் என்று
சொல்லியிருக்கலாம்.
கோனாபட்டு என்றேன்.
வீட்டின் விலாசம் சொன்னேன், அப்பாவின் பெயரும்.
அம்மாவின் பெயர் ரெஜினா என்பதையும்.

தட்டினார். தேடினார். பொறுக்காமல்
துணிச்சுருள் பிரித்துப் பழைய பேரேட்டையும் புரட்டினார்.
சிவப்புக் கோடு ஒன்றை எதிர்பார்த்து
நின்றுகொண்டிருந்தேன்.
அடிப்பதற்கும் ஒரு பெயர் அங்கே
இருந்திருக்க வேண்டுமே.
அந்தக் கணக்கில் கல்யாணம்தான் பிறப்பு.
அப்பா அதில் பிறக்கவேயில்லை.
பிறக்காதவருக்கு மகள் மட்டும்
கையில் படிவத்தோடு, அடையாள அட்டையோடு,
கடனாக வாங்கிய பேனாவோடு.

"நான் போன தையிலேர்ந்து அரைப்புள்ளி" என்றார் ஏகப்பன்,
எனக்கு ஆறுதல் சொல்வது போல.
"அவ போயிட்டா. வரியும் பாதி."
பதினேழாவது கேள்விக்கு
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
நடுங்கும் வட்டம் ஒன்று போட்டார்.
பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து,
"நீங்க எத்தனை போட்டீக?"

காரைக்குடிப் பேருந்தில்
மடியில் அவர் தந்த விபூதிப் பொட்டலம்,
உறையில் என் வெற்றுப் படிவம்.
நெறியாளருக்கு எழுதினேன்:
களப்பணி முடிந்தது.
மாதிரி அளவு நூற்றுப் பதினெட்டு.

அனுப்பும் முன் திருத்தினேன்:
நூற்றுப் பதினெட்டரை.