மூடுபனிக்குச் சான்று

லூடெரிட்ஸ் கிளை அலுவலகத்தில்
என் ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு, கைப்பிடி கிடையாது.
ஆறு வருடமாக ஒரு தேக்கரண்டியால்
நெம்பித் திறக்கிறேன்.

பதிவு ஜனவரியில் திறக்கும்,
பிப்ரவரி நடுவில் மூடும்.
தாமதக் கட்டணம் கட்டினால் இன்னும் பத்து நாள்.
அதற்கப்புறம் கணினி
யார் முகத்தையும் பார்க்காது.

முழுநேரம், பகுதிநேரம், தொலைநிலை.
மூன்று கட்டங்கள், ஒன்றில் மட்டும் டிக்.
சொல்லும்போது சுலபம்தான்.
மீன் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு என்று
தொழிற்சாலைச் சங்குக்குக் காதைக் கொடுத்திருக்கும் அல்வீனா
பேனாவைக் கடித்தபடி கேட்டாள்:
"மீன் வரும் நேரம் எந்தக் கட்டம், மிஸ் ஃப்ரெடரிக்ஸ்?"
பகுதிநேரம் என்றேன்.
"பகுதியைப் பிரித்தது யாராம்?"
பதில் சொல்வதற்குள் சங்கு ஊதிவிட்டது.
பேனாவும் அவளோடு போய்விட்டது.

கெர்சன் ஹமுகோட்டோ
இழுவைப் படகில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன்.
கடல்சார் பொறியியல், முதலாம் ஆண்டு.
செவ்வாய்க்கிழமை வானொலியில் சொல்லி அனுப்பினான்:
வெள்ளிக்குள் கரைக்கு வருவோம்,
கையெழுத்து போடுகிறேன், ஜன்னலை மூடாதீர்கள்.

வெள்ளிதான் கடைசி நாள்.
விடிந்தபோது ஊரே இல்லை.
எதிர்ப்பாறை மேல் நிற்கும் தேவாலயத்தின்
கதவு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது,
பிறகு அதுவும் போயிற்று.
நான்கு மணிக்குத் துறைமுக வாயிலில்
அவன் படகு ஊதுவது கேட்டது.
உள்ளே வர அனுமதி இல்லை.
கூப்பிடு தூரம். கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.
என் கையெழுத்தை வைத்து என்ன செய்ய?
நள்ளிரவில் திரை தானாகவே சிவந்து
"மூடப்பட்டது" என்றது.
வெளியே இன்னொரு முறை ஊதல்.

சனிக்கிழமை காலை வந்தான்,
உடம்பெல்லாம் டீசல் வாசம்.
ரொட்டிப் பையில் மடித்த படிவம்.
கட்டணம் எண்ணி வைத்திருந்தது, அதற்குள்
தாமதக் கட்டணமும் தனியாக.
கடல்காரன், கணக்கு தெரிந்தவன்.
மூன்று கட்டங்களுக்குக் கீழே
அளவுகோல் வைத்து நான்காவது ஒன்று வரைந்து
"கரையில் இருக்கும் நாட்கள்" என்று எழுதி
அதில் டிக் போட்டிருந்தான்.

தாமதத்துக்குக் காரணம்: மூடுபனி.
எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினேன்.
விண்ட்ஹூக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.
ஒரே வரியில் பதில் வந்தது:
"உரிய சான்று இணைக்கவும்."

துறைமுக அதிகாரி முதலில் சிரித்தார்.
என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.
வெள்ளி, பதினாறு மணி, பார்வைத் தூரம் நாற்பது மீட்டர்.
நகலெடுத்து முத்திரை குத்தினார்.
பனியின் மேல் ஊதா மை
கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுந்தது.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை.
இதற்குள் கெர்சன் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டான்.
போகுமுன் முதல் பாடத்தின் ஒப்படைப்பை
என் மேசையில் வைத்தான், பதினேழு பக்கம்.
பதிவாகாதவன் எழுதிய விடைகளை
எந்தக் கோப்பில் வைப்பது?
இழுப்பறையில் தேக்கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பதினொன்றாம் நாள்:
"சிறப்பு நேர்வாக ஏற்கப்படுகிறது. முறை, பகுதிநேரம்.
மாணவர்கள் படிவத்தில் கட்டம் வரையக் கூடாது
என அறிவுறுத்தவும்."

வானொலி அறைக்கு ஓடினேன்.
பதிவாகிவிட்டாய் என்று சொன்னதைப்
படகு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.
இரைச்சலுக்கு நடுவில் யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள்.
கட்டம் வரையக் கூடாதாம் என்பதையும் சொன்னேன்.
அதற்குப் பதில் இல்லை. பிறகு கேட்டான்:
"தேர்வு எப்போது?"
"ஜூன், பதினெட்டு."

கொஞ்ச நேரம் கடல்தான் பேசியது.
"ஜூனில் பனி தொல்லை தராது," என்றான்,
"கிழக்குக் காற்றடிக்கும், சாலையை மணல் மூடும்.
மணலுக்கு யார் முத்திரை குத்துவார்கள் என்று
இப்போதே விசாரித்து வையுங்கள், மிஸ் ஃப்ரெடரிக்ஸ்."