மூலக் காரணம்

ராத்திரி இரண்டு நாற்பத்தாறு.
தஞ்சாவூர், மருத்துவக் கல்லூரிச் சாலை, நாலாவது மாடி.
ஐப்பசி மழை ஏசிப் பெட்டியின் தகரத்தில் விழுவது
எனக்கு மட்டும் கேட்கிறது;
இம்தியாஸ் காதில் ஹெட்போன்.

இன்று இதுவரை நானூற்றுப் பத்து எச்சரிக்கைகள்,
அத்தனையும் பொய்.
பாஸ்வேர்டு மறந்த மேனேஜர்,
மின்வெட்டில் செத்துப் பிழைத்த ரவுட்டர்,
யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த பக்திப் பாட்டு.
ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூடத்தான் சம்பளம்.
வரப்பில் இருக்கிற எல்லா நண்டு வளையிலும்
தண்ணீர் போவதில்லை.
எதில் போகிறதென்று காலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நானூற்றுப் பதினொன்று:
குத்தாலம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளை,
இரண்டாம் கவுண்டர்,
தையல்நாயகி என்கிற கணக்கு
இந்த நேரத்தில் உள்ளே வந்திருக்கிறது.
வந்தது பக்கத்துக் கணினியைத் தட்டுகிறது,
அதற்கு அடுத்ததை,
பிறகு சர்வர் அறையை,
அவசரமே இல்லாமல்,
வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி.

"உடைப்பு" என்றேன்.
இம்தியாஸ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான்.
கொள்ளிடக் கரையில் பிறந்தவன்,
அந்தச் சொல்லை உட்கார்ந்தபடி கேட்டுப் பழக்கமில்லை.

கணக்கைப் பூட்டினோம்.
கிளையையே துண்டித்தோம்.
பதினோரு நிமிடம்.
அதற்குள் மூன்று கணினிகள் போய்விட்டன.
நகைக்கடன் ஆகஸ்ட்,
பயிர்க்கடன் கீழத்தெரு,
விடுப்பு விண்ணப்பம் புதுசு
என்றிருந்த கோப்புகளெல்லாம்
வாசிக்க முடியாத எழுத்துகளாக மாறியதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குச் சென்னையிலிருந்து ஜெயசீலன் சார்.
"யாரு கிளிக் பண்ணது?"
எவ்வளவு போச்சு என்பது இரண்டாவது கேள்வி.

ஆறரைக்கு நானே அந்த அம்மாவை அழைத்தேன்.
"ஆமாங்க மேடம், நேத்து சாயங்காலம் ஒரு மெயில்.
பயிர்க் காப்பீட்டுப் பட்டியல், இறுதின்னு போட்டிருந்துச்சு.
திறந்தா ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருந்துச்சு.
ஜன்னல்கிட்ட நாப்பது பேரு நிக்கிறாங்க.
போன வருசம் மூழ்குனதுக்கு
மூணு மாசமா தினம் வந்து கேக்குறாங்க.
என்னாலதானா மேடம்?"
பின்னால் குக்கர் கத்தியது.
அந்தக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மெயிலை எடுத்துப் படித்தேன்.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.
வல்லினம்கூட மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது.
எங்கிருந்தோ எழுதியவன்
அந்த நாற்பது பேரைப் பற்றி
எங்கள் எல்லாரையும்விடத் தெரிந்து வைத்திருந்தான்.

அறிக்கையில் ஒரு கட்டம்: மூலக் காரணம்.
சொடுக்கினால் கீழே இறங்கும் பட்டியல்.
முதலில் இருப்பது, எல்லாரும் தொடுவது: பயனர் பிழை.
கடைசியில் இருப்பது: மற்றவை, விளக்கவும்.

விளக்கினேன்.
பட்டியல் இன்னும் வரவில்லை.

அந்தக் கட்டம் தமிழை வாங்காது.
ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகி
வரிசையில் நின்றது.
அப்படியே அனுப்பினேன்.