பேருக்கு ஒரு பரிசு

புந்தா அரெனாஸில் டிசம்பர் என்றால் கோடை.
கோடை என்றால் காற்று.
சதுக்கத்து முனையில் ஆட்கள் பிடித்து நடக்க
நகராட்சி கயிறு கட்டிவைக்கும்.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாமல்
ஜன்னலில் நின்று வேலை கேட்கும்.

எங்களுடையது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
பதினோரு பேர். என்னைச் சேர்க்காமல்.
நான் சம்பளம் போடுகிறவள், யாஸ்னா.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு
ஒரே கடையில் பதினோரு டப்பா:
உலர்பழ ரொட்டி, இனிப்பு மது ஒரு புட்டி,
கம்பெனி பெயர் போட்ட கோப்பை.
பேருக்கு ஒன்று கொடுத்தாயிற்று,
கணக்கில் ஒரு கோடு.

போன மாதம் சோப்புத்தூள் பீப்பாய்க்குள்
அந்தக் கோப்பையைப் பார்த்தேன்,
பிடி உடைந்து, அளவுக் கரண்டியாக.
என்னிடமிருந்து ஒளித்துவைக்கக்கூட
யாருக்கும் தோன்றவில்லை.
அதுதான் சுருக்கென்றது.

இந்தத் தடவை ஆளைப் பார்த்து வாங்குவதென்று
நோட்டில் பதினோரு வரி போட்டேன்.

ஒர்ஃபெலினா பஸ்ஸில் குறுக்கெழுத்து போடுகிறவள்,
பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
அவளையும் திணறவைக்கும் தடித்த புத்தகம் ஒன்று.
திராகோவின் நாய்க்குக் காது கேட்காதாம்;
இருட்டில் மினுங்கும் கழுத்துப்பட்டை.
எடெல்வினாவுக்கு இரட்டைப் பிள்ளைகள்.
எதை வாங்கினாலும் அவர்களிடம் போய்விடும்.
ஆகவே ஒரு சனிக்கிழமை,
முழுசாக, சம்பளத்தோடு.
'நன்றாகத் தூங்கு' என்று சீட்டில் எழுதி,
உடனே அடித்துவிட்டேன்.
கொடுத்த பிறகு அந்தச் சனிக்கிழமையில்
எனக்கென்ன வேலை?

ஒன்பதாம் வரியில் பேனா நின்றது.
நிவால்டோ. இஸ்திரி உருளை. பதினான்கு வருஷம்.
எனக்குத் தெரிந்தவை:
பூட்ஸ் நாற்பத்திரண்டு, சட்டை நடுத்தரம்,
ஓய்வூதியக் கணக்கு எண்.

வெட்கத்தை விட்டு ஆளையே கேட்டேன்.
துணிவண்டியைக் காட்டினார்.
"அந்த முன்சக்கரம். தூக்கத்திலும் கீச்சிடுகிறது."

அன்றைக்கே மாற்றினேன்.
ஆனால் அது பரிசு இல்லை, பாக்கி.
பாக்கியைத் தீர்த்துவிட்டு
அதற்கு ரிப்பன் கட்ட எனக்குக் கை வரவில்லை.

கடைசி வாரம். சீட்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.
மாத்தே உறிஞ்சியபடி பின்னால் வந்து நின்றவர்
மெதுவாகச் சொன்னார்:
"கழுதையில் வரும் எழுத்து, மேடம்.
நீங்கள் போடுவது பசுவில் வருவது."

எங்கள் வாயில் இரண்டுக்கும் ஒரே சத்தம்.
காதுக்குத் தெரியாது, தாளுக்குத் தெரியும்.

நூற்று அறுபத்தெட்டு சம்பளச் சீட்டு.
அத்தனையிலும் தவறான பெயருக்குக் கீழே
சரியான பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
நான் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன்,
கையெழுத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லவே இல்லை?"

"முதல் மாதம் சொன்னேன்."

அன்றிரவு அவருடைய மூன்று சீருடைச் சட்டையும் என் மேஜையில்.
நெஞ்சில் தைத்திருந்த நீல எழுத்தைப் பிரித்தேன்.
தையல் எனக்கு வராது.
புது எழுத்தின் இரண்டு வயிறும் கோணல்,
கீழ்வயிறு சாப்பிட்டது, மேல்வயிறு பட்டினி.
பழைய எழுத்து இருந்த இடத்தில்
கூம்பிக் கீழிறங்கும் ஊசித்துளைகள்.

காலையில் நிபால்டோ சட்டையை
ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.
துளை துளையாக வெயில் வந்தது.
"உருளையில் ஒரு தடவை விட்டால் மூடிக்கொள்ளும்" என்றார்.

மூடாது.
துணியோடே புழங்குகிறவர்கள் நாங்கள்,
இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு
பொத்தானை மாற்றிப் பூட்டி, அவிழ்த்து, மறுபடி பூட்டி,
வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.
சக்கரம் சத்தமே போடவில்லை.
அவர் போய்விட்டது தெரியாமல்
நான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.