சுளையிருக்கத் தோல்

இசாஃபியோர்துரில் நவம்பர் பிறந்தால்
மலை சூரியனை விழுங்கிவிடும்,
ஜனவரிக் கடைசியில்தான் துப்பும்.
அதுவரை டியூப்லைட்டில் முகம் பார்க்கிறோம்.
டியூப்லைட் எந்த ஆணுக்கும் நல்லது செய்ததில்லை.

ஆலைக் கழிவறையில் வலைத்தொப்பியைக் கழற்றினேன்.
சிக்கியிருந்தவை பதினேழு.
எண்ணினவனுக்கு வயது நாற்பத்தாறு.

காட் மீனுக்குத் தோலுரிக்கும் இயந்திரம் என்னுடையது.
சதை வெள்ளைப் பெட்டியில் ஊர் ஊராகப் போகும்,
தோல் நீலத் தொட்டியில்.
முன்பெல்லாம் அது குப்பை.
இப்போது தெற்கே ஒருவன் வாங்கிக் கரைத்து
பொடியாக்கி டப்பியில் அடைத்து
எங்கள் ஊர்க் கடைக்கே திருப்பி அனுப்புகிறான்.
பெண்களுக்கு ரோஜா நிற டப்பி,
ஆண்களுக்குக் கறுப்பு.
உள்ளே அதே பொடி. கறுப்புக்கு எண்ணூறு குரோனா கூடுதல்.

கறுப்பைத்தான் வாங்கினேன்.
கெட்டிக்காரன் தோலிருக்கச் சுளை விழுங்குவானாம்.
நான் சுளையை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு
நானே உரித்த தோலைக் காசு கொடுத்து விழுங்கினேன்.
கூடவே பயோட்டின் மாத்திரை, குதிரைக்குக் கொடுக்கிற அளவில்.
ஒளித்து வைத்த இடம் கார் கொட்டகை,
'எட்டு மில்லிமீட்டர் நட்டு' என்று எழுதிய தகரம்.
ஹால்லாவுக்கு நட்டுகளில் ஆர்வமில்லை.

மூன்று மாதம்.
தலை தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.
தோல், தெரியாது, அதை யார் பார்க்கிறார்கள்.
நகம் மட்டும் வளர்ந்தது.
அல்லது நான் அடிக்கடி பார்த்தேன்.
பக்கத்து இயந்திரத்துப் போகுஸ்வாவ்
"நகத்தை வெட்டுடா, கையுறை கிழியுது" என்றான்.
எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

பிறகு ஆண்டுப் பரிசோதனை, ரத்தம், தொலைபேசி.
தைராய்டு எகிறிக் கிடக்கிறதாம்.
அன்றிரவே நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது,
இல்லாத நோய்க்கு எல்லா அறிகுறியும் வரிசையில் வந்தன.
படகை யாருக்கு எழுதிவைப்பது என்றுகூட யோசித்தேன்.
படகில் ஓட்டை.

டாக்டர் சோல்ரூன் கேட்டாள்:
"வேறு மாத்திரை ஏதாவது?"
இல்லை.
"வைட்டமின்?"
மீனெண்ணெய், எல்லாரையும் போல.
தட்டச்சு நின்றது.
"முடிக்கு?"
வெளியே பனி வாரும் வண்டி நெடுநேரம் போனது.
"ஒரு நண்பன் எடுக்கிறான்" என்றேன்.
"அந்த நண்பனுக்கு எத்தனை மில்லிகிராம்?"
"பத்து."
"ஒரு வாரம் நிறுத்தச் சொல்லுங்கள் அவரை.
அது உடம்பை ஒன்றும் செய்யவில்லை,
பரிசோதனையைத்தான் ஏமாற்றியிருக்கும்."

வேலை செய்யுமா அது, நண்பன் கேட்கச் சொன்னான்.
"குறைபாடு இருந்தால் உதவும்.
உங்களுக்கு, மன்னிக்கவும், அவருக்கு இருப்பது
குறைபாடல்ல, அப்பா."
பொடி?
"சில ஆய்வுகள் ஆமாம் என்கின்றன, பெரும்பாலும் பெண்களிடம்.
யார் காசில் நடந்தது என்று பார்த்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்."

அடுத்த ரத்தம் சுத்தமாக வந்தது.
மயிரிழையில் தப்பினான் என்பார்கள்;
என்னிடம் அந்த இழையும்
குளியலறை வடிகாலில் போய்ச் சேர்ந்திருந்தது.

சாப்பாட்டு அறையில் போகுஸ்வாவின் பை சரிந்தது.
ரொட்டி, ஒரு ஆப்பிள், கறுப்பு டப்பி.
"மூட்டு வலிக்கு" என்றான், காது சிவக்க.
"ஆமாம், மூட்டு வலி பொல்லாதது" என்றேன்.
அன்று முழுக்க இருவரும்
தோலை மட்டுமே பார்த்து வேலை செய்தோம்.

ஜனவரியில் சூரியன் மலையைத் தாண்டிய நாள்,
ஊரே காப்பியும் பான்கேக்குமாக ஜன்னலோரம்.
வெளிச்சம் மேசைக்கு வருமுன்
என் உச்சியில் இறங்கியது.
இதமாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன.
தட்டோடு வந்த ஹால்லா
"சர்க்கரை சிந்தியிருக்கு" என்று
அந்த இடத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

சிந்தவில்லை என்றுதான் நினைக்கிறேன்.