புறங்கைக் கணக்கு

தார்ச்சாலையில் புறங்கையை வைத்து
ஏழு வரை எண்ண முடிந்தால்
நாயைக் கூட்டிப் போகலாம்.
காலை எட்டு மணிக்கே
மூன்றில் கையை எடுத்துவிட்டேன்.

வாசற்படியில் துவெர்க்கா
வாரைக் கவ்விக்கொண்டு நிற்கிறாள்.
எங்கள் மொழியில் அவள் பெயருக்கு
நட்டு என்று பொருள்.
ஒருநாள் பட்டறைக்குள் உருண்டு வந்தவள்.
மாடு மேய்க்கும் இனம்.
மேய்க்க மாடில்லாததால் விளக்குமாற்றை, சைக்கிளை,
கேஸ்காரன் எலாதியோவை மேய்ப்பவள்.

இல்லை என்கிறேன்.
வாரைக் கீழே வைக்கிறாள்.
என்னைப் பார்க்கிறாள்.
மறுபடி எடுக்கிறாள்.

நாய்க்கு வேலையுமில்லை,
நிற்க நேரமுமில்லை என்பார்கள்.
சொன்னவர்கள் எர்மோசீயோவுக்கு வந்து
ஒரு ஜூலை இருந்து பார்க்கட்டும்.
நாற்பத்தாறு டிகிரி.
இங்கே நேரம் மட்டும்தான் இருக்கிறது.
அதை அவள் என் செருப்பில் கடித்துக் கழிக்கிறாள்.

முதலில் பனிக்கட்டி.
கோழி வேகவைத்த தண்ணீர், உப்பில்லாமல்,
நடுவில் கேரட்டும் ரப்பர் பந்தும்.
பிரிட்ஜ் பழுதுபார்க்கிறவள் வீட்டில்
பனிக்கட்டிக்கா பஞ்சம்?
எட்டு பிரிட்ஜ் நிற்கிறது பட்டறையில்.
ஆறு ஓடாது, அது வேறு விஷயம்.
நக்கினாள், உறுமினாள்,
முற்றம் முழுக்க அந்தக் கட்டியை ஓட்டி மேய்த்தாள்.
இருபது நிமிடத்தில்
ஓர் ஈரத் தடமும் கேரட்டும் மிஞ்சின.
கேரட் பிடிக்காதாம்.

பிறகு ஈரத்துண்டு.
சுருட்டி, மடிப்புக்கு மடிப்பு
சோளரொட்டித் துணுக்குகளை ஒளித்து வைத்தேன்.
மூன்றே நாளில் தெரிந்துகொண்டாள்,
கொடியில் காயும் என் பாவாடையிலும்
ரொட்டி இருக்கலாம் என்று.

ஸ்பேனர் தற்செயல்.
கம்ப்ரசருக்கு அடியில் படுத்தபடி
எட்டாத கையை நீட்டி
சும்மாதான் சொன்னேன்: பத்து கொண்டா.
கொண்டு வந்தது சுத்தியல்.
ஆனால் கொண்டு வந்தாள்.

ஆகஸ்டில்
பத்து தெரியும், குறடு தெரியும்,
ஸ்க்ரூடிரைவரில் இரண்டு வகை தெரியும்.
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் குழம்புவாள்.
கண்ணாடி போடாவிட்டால் நானும்தான்.
ஒரு மணி நேரப் பாடத்துக்குப் பின்
மலையேறி இறங்கியவள்போல்
தரையில் சரிந்து தூங்குவாள்.
ஓடாமலும் களைக்கலாம் என்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த மாதம் ஒரு மாலை மின்சாரம் போனது.
பத்து மணிவரை வரவில்லை.
என் கதவைத் தட்டியது டோன் கசிமீரோ.
குரைப்பு தாங்கவில்லை என்று
இரண்டு முறை எழுதிக் கொடுத்த மனிதர்.
கையில் ஒரு சின்னப் பெட்டி.
"இன்சுலின்" என்றார்,
வேறெதுவும் சொல்லாமல்.

நாயின் மூன்று பனிக்கட்டிகளை
பழைய ஐஸ்பெட்டியில் அடுக்கினேன்.
கட்டி நேரே படக்கூடாது,
மருந்து உறைந்தால் வீண்.
கைக்கு வந்தது நாயின் துண்டு.
"கோழி வாசம் வருகிறது" என்றார்.
"உங்களுக்கில்லை" என்றேன்.

தன் கட்டி, தன் துண்டு,
உள்ளே யாருடையதோ ஒன்று.
துவெர்க்கா பெட்டியருகே படுத்தாள்.
மூடியை யார் தொட்டாலும்
ஒரு காது எழுந்தது.
அவர் தொட்டபோதும்.
விடிய விடியக் குரைக்கவில்லை;
அதையும் எழுதிக் கொடுப்பாரா என்று கேட்க நினைத்தேன்,
அதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

நாலரைக்கு அவளே எழுந்து
வாரைக் கவ்வி வந்தாள்.
என்னிடம் அல்ல.

மின்சாரம் இன்னும் வரவில்லை.
தெருமுனையில் நான் குனிந்து கை வைத்ததும்
எதற்கு என்றார். சொன்னேன்.
முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரும் குனிந்தார்.
"உள்ளங்கை காய்த்துப் போனது, பொய் சொல்லும்.
புறங்கையை வையுங்கள்."

ஐந்து, ஆறு,
ஏழு என்று எண்ணினார்.
எட்டு. ஒன்பது.
போதும் என்றேன்.
பதினொன்றில் வார் இழுத்த இழுப்புக்கு
எழுந்து ஓட வேண்டியதாயிற்று அவருக்கு,
ஒற்றைச் செருப்போடு.