இரண்டு ஐந்துக்கு வந்த கை

ஷார்ஜா ரோலாவில்
சலூனுக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவில்
நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்,
அரபியில் பக்கம் முப்பது திர்ஹம்.
மதரசாவில் பொருள் தெரியாமல் ஓதிய எழுத்துகள்
இங்கே சோறு போடுகின்றன.
பொருளும் பிறகு தெரிய வந்தது,
பிரதிவாதி, நிலுவை, ஊனம்
என்ற வரிசையில்.

மஃரிபு பாங்கு சொல்லும் நேரம்
பிச்சைக்கனி வந்தார்.
வலது கையைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.
இடது கையில் பிளாஸ்டிக் கவர்.
"லீவு லெட்டராம்மா. ரேகை வச்சுக் குடுக்கணும்.
என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

படித்தேன்.
லீவு என்று ஒரு சொல் இல்லை.
'எனக்குச் சேரவேண்டியது யாவும் சேர்ந்தது.
இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்.'
தொகைக்கான இடம் காலி.
கீழே பெருவிரலுக்கு ஒரு கட்டம்,
அருகே பென்சிலில்: இடது.
யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. சொல்வதை அடிப்பவள்.
இருந்தும் கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட். பன்னிரண்டரைக்கு மேல் மூன்று வரை
வெயிலில் யாரும் நிற்கக் கூடாத மாதம்.
மறுநாள் காங்கிரீட்.
இன்ஸ்பெக்டர் வண்டி வருகிறதா என்று பார்க்க
கேட்டில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு
கம்பி வளைக்கும் மெஷினை ஓட்டச் சொன்னான் ஃபோர்மேன்.
நாலு நாளாகவே பெடல் சிக்குகிறது என்று
சொல்லிக்கொண்டிருந்த மெஷின்.
லோக்நாத் என்ற நேபாளிதான்
தண்ணீர் டிரம்மின் ஐஸில் கையை அமுக்கிப் பிடித்தவன்.
மறுநாள் காலையே அவனைக் கோர்ஃபக்கான் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

கவரில் இன்னும் இரண்டு தாள்கள்.
கம்பெனி அறிக்கை: விபத்து நேரம் மாலை 4.20.
ஆஸ்பத்திரிச் சீட்டு: அனுமதி, மதியம் 2.05.
பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
நசுங்குவதற்கு இரண்டேகால் மணி நேரம் முன்னதாகவே
வந்து சேர்ந்திருக்கிறது
ஒரு கை.

வழிகளைச் சொன்னேன், எனக்குத் தெரிந்தவரை.
அமைச்சகத்தில் புகார். பேசித் தீராவிட்டால் கோர்ட்.
டாக்டர்கள் குழு கையைப் பார்த்து ஒரு சதவீதம் சொல்லும்,
பணம் அதைப் பிடித்துத்தான்.
"முழு ஆளுல இந்தக் கை எத்தனைம்மா?"
"அவங்கதான் சொல்லணும்."
"என்னையக் கேக்க மாட்டாங்களா?"

கேஸ் போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவானா என்றார்.
"கூடாதுன்னு சட்டம் இருக்கு."
"பன்னிரண்டரைக்கும் கூடாதுன்னுதான இருந்துச்சு?"

பதில் தேடாமல்
படிவத்தைத் திறந்தேன்.
விபத்தின் விவரம்: ஐந்நூறு எழுத்துகளுக்குள்.
ஐஸ் போயிற்று. கேட்டில் நின்றவனைச் சுருக்கினேன்.
அவர் கத்தவில்லை என்பதை
அவரே வேண்டாம் என்றார்.
2.05 மட்டும் இரண்டு இடத்தில் வந்தது.

பதினோரு வருடமாக அடிக்கிறேன்.
ஒவ்வொரு இரண்டு சொல்லுக்கும் நடுவில்
இடைவெளி விடுவது என் வலது பெருவிரல் என்று
அன்றுதான் கண்ணில் பட்டது.
இடதுக்கு மாற்றிப் பார்த்தேன்.
சொற்கள் ஒட்டிக்கொண்டன.
திரும்ப வலதுக்கே வந்தேன்,
அவர் என் கையைப் பார்க்காமல் இருக்கவேண்டுமே என்று.

லீவு லெட்டரைக் கிழிக்கப் போனேன்.
"இருக்கட்டும்மா, அதுவும் ஆதாரம்தான" என்று வாங்கி
முழங்காலில் வைத்து, ஒரே கையால்
நாலாக மடித்தார். நேரமானது.

போனில் புகார் எண் வந்தது.
கவரின் மேல் இடது கையால் எழுதினார்.
"கடைசி எண் எட்டா, மூணா?"
"எட்டுதான். பாதி எட்டு."

முப்பது திர்ஹம் வாங்கினேன், கடை என்னுடையது அல்ல.
வாசல் வரை போனவர் திரும்பி வந்து
ரசீதை நீட்டினார்:
"இதுல டைம் போட்டுக் குடுங்க."
சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம்.
போனைப் பார்த்து எழுதினேன்.
7.42.