ஜிகினாவுக்குப் பதில் உப்பு

ஜிகினா டப்பா எண்ணூற்றுத் தொண்ணூறு குரோனா.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
ஹூக்ரூன் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.
"உப்பு எவ்வளவு?" என்றாள்.

சாம்பல் புதனுக்கு இரண்டு இரவு இருந்தது.
அன்று ஹ்வாம்ஸ்டாங்கியின் பிள்ளைகள் எல்லாம்
வேடம் கட்டிக்கொண்டு வங்கியில், டயர் கடையில்,
நான் இறால் உரிக்கும் ஆலையின் வாசலில்
ஒரு பாட்டுப் பாடுவார்கள்,
ஒரு மிட்டாய் வாங்குவார்கள்.
போன வருடம் அவள் தபால் பெட்டி.
இந்த வருடம் ஸால்மன்.

சிவப்பு முட்டைக்கோஸ் என்று பெயர்,
வேகவைத்தால் நீர் ஊதா.
ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டேன்,
நீலம்.
பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு மூடி வினிகர்,
ரோஜா.
அவள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தாள்.
நுரைத்துப் பொங்கி மேசை விரிப்பெல்லாம் நனைந்து
மறுபடியும் ஊதா.
இதைத்தானே முதலில் வைத்திருந்தோம்
என்று எனக்குக் கோபம்,
அவளுக்குச் சிரிப்பு.

முதல் ஈடு உப்பு வீண்.
சாயத்தை ஊற்றிவிட்டேன். ஊற்றக் கூடாது.
நிறம் வந்தது, உப்பு போய்விட்டது,
கிண்ணத்தில் நீலமாய் ஒரு கடல்.
இரண்டாம் ஈட்டுக்குக் காது மருந்துச் சொட்டுக்குழாய்.
பத்துச் சொட்டு, ஒரு கிளறல், பத்துச் சொட்டு.
பூமிக்கடியிலிருந்து வெந்நீர் வருகிற ஊர் இது,
வேறெதுவும் மலிவில்லை, சூடு மலிவு.
வெப்பக் குழாய்களின் மேல் செய்தித்தாள் விரித்து
இரவு முழுக்கக் காயவைத்தோம்.

மைதாவைக் காய்ச்சிப் பசை.
காப்பித்தூள் பொட்டலங்களின் உட்பக்கம் வெள்ளி,
ஆலைத் தோழிகளிடம் கேட்டு வாங்கியவை பதினேழு;
செதில் செதிலாக வெட்டி
என் பழைய மழைச்சட்டையில் ஒட்டினோம்.
வயிற்றுக்கு ரோஜா உப்பு, முதுகுக்கு நீல உப்பு.

மீன்பிடிக் கப்பலிலிருந்து ஸ்வெர்ரிர் போன் செய்தான்.
எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவன் மகளிடம் சொன்னது
ஒன்றே ஒன்று:
"முதுகில் கரும்புள்ளி இருக்கும், விட்டுவிடாதே."
காப்பிச் சக்கையைக் கிள்ளி வைத்தாள்.
"கப்பலில் பிடிப்பது காட் மீன்தானே,
அப்பாவுக்கு ஸால்மன் எப்படித் தெரியும்?" என்றாள்.
உடனே தன் கேள்வியைத் தானே மறந்து
வாலுக்கு இன்னொரு கை உப்பு தூவினாள்.

புதன்கிழமை. எட்டு மணிக்கும் வெளிச்சம் வரவில்லை.
மேய்ச்சல் வேலியோரம் குறுக்கு வழி.
ஆர்ன்கிரிமுரின் பெண்குதிரை மோஸா
பனி மூடிய பிடரியோடு வந்தது,
தலையை வேலிக்கு மேல் நீட்டி
நிதானமாக
என் மகளின் இடது பக்கத்தை நக்கியது.

நான் கத்தினேன்.
ஹூக்ரூன் கத்தவில்லை.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்,
கூச்சத்தில் தோள் குலுங்க.
நாக்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு பட்டை நீலம் காலி.
மூன்று நாள் வேலையை
மூன்று நிமிடத்தில் தின்று முடித்து
மூக்கால் ஒரு புகைவிட்டது.

திரும்பிப் போய் ஒட்ட நேரமில்லை.
டயர் கடையில் பாடினாள்,
இடப் பக்கம் வெறும் காப்பிப் பொட்டலம்,
ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் தலைகீழாக.
"நீ என்ன வேடம்?" என்றாள் கல்லாவில் ரக்ன்ஹில்டுர்.
"ஸால்மன். பாதி செலவாகிவிட்டது."
கொடுத்தது உப்பு லிக்கரிஸ்.
வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்,
யாருக்கும் சொல்லாதே என்பது போல.

உப்பிட்டவளை அந்தக் குதிரை மறக்கவில்லை.
திரும்பும்போது வேலி நெடுகக் கூடவே வந்தது.
இவள் வலப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு
மெல்ல, மிக மெல்ல நடந்தாள்.

வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்குக்கு
உப்பில்லை என்று டப்பாவைத் தட்டினேன்.
அடியில் ஒரு கரண்டி மிச்சம்,
நீலம்.
போட்டேன்.